பச்சை வட்டத்துக்குள் பதினொன்று

ஒரு பழைய போனை ரிப்பேர் செய்வதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா என்று ஒன்பது நாள் அல்லாடியவன் நான். ஒரு போனுக்கு ஒன்பது நாளா என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவி கேட்டாள். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் என்னோடு வேலை பார்த்த அத்தனை பேரும் கேட்டார்கள். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் போனுக்குள் என் மகள் அனுப்பிய பதினோரு குரல் பதிவுகள் இருந்தன. அதில் ஒன்றைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

எனக்குக் கோபம் அதிகம். இன்று நேற்றல்ல, மதுரைப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வேலைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்தே செக்‌ஷனில் எனக்கு அந்தப் பெயர்தான். வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன். சொன்னதைத் திரும்ப எடுக்கவும் தெரியாது. மகள் எங்கள் டவுன்ஷிப்பிலேயே அடுத்த பிளாக்கில் இருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று என் முகத்துக்கு நேரே வந்து சொன்னாள். அவன் அப்பாவும் மைன்ஸ்தான். பத்து வருஷம் ஒரே ஷிஃப்ட் பஸ்ஸில் போய் வந்தவர்கள் நாங்கள், தீபாவளிப் பலகாரமும் கிறிஸ்துமஸ் கேக்கும் கை மாறிய வீடுகள். அதையெல்லாம் அந்த நிமிஷத்தில் யார் நினைத்தார்கள்? "போனேன்னா போயிடு. நான் இருக்கற வரைக்கும் நீ இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றேன். அவள் போய்விட்டாள். பதிவுத் திருமணம் செய்துகொண்டு இருவரும் கடலூரில் குடியேறினார்கள் என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டதை வைத்துத் தெரிந்துகொண்டேன். அவளைத் தலைமுழுகியாயிற்று என்று எல்லோரிடமும் சொன்னேன். வீட்டில் அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று மனைவிக்கும் உத்தரவு போட்டேன்.

ரெண்டு மாதம் கழித்து முதல் குரல் வந்தது. வாட்ஸப்பில் அவள் பெயரை அழித்துவிட்டிருந்தேன், வெறும் நம்பர்தான் நின்றது. அந்த நம்பர் எனக்கு மனப்பாடம், அது வேறு விஷயம். நம்பருக்குக் கீழே ஒரு சின்ன மைக், பக்கத்தில் பதினாறு விநாடி என்று காட்டியது. கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்து தெரியாது என்பதால் ஹாஸ்டலில் படித்த காலத்திலிருந்தே அவள் எழுதி அனுப்ப மாட்டாள், பேசித்தான் அனுப்புவாள். விரல் அதன்மேல் போய்விட்டது. அப்போதுதான், செக்‌ஷனில் ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. கேட்டுவிட்டால் அந்த மைக் நீலமாகிவிடும், அனுப்பியவர்களுக்கும் தெரிந்துவிடும் என்று சொல்லியிருந்தார். அவளுக்குத் தெரிந்துவிடுமா? அப்பன் இறங்கி வந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வாளா? விரலை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இருபது நாளுக்கு ஒன்று, ஒரு மாதத்துக்கு ஒன்று என்று வந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டியைத் திறக்கவே மாட்டேன். வெளியிலிருந்து பார்ப்பேன். நம்பருக்குப் பக்கத்தில் பச்சை வட்டத்துக்குள் ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு என்று ஏறிக்கொண்டே போய்ப் பதினொன்றில் வந்து நின்றது. அழுகிறாளோ, மன்னிப்புக் கேட்கிறாளோ, இல்லை நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி நாலு வார்த்தை கேட்கிறாளோ, எதுவும் தெரியாது. எதுவாக இருந்தாலும் என்னால் தாங்க முடியாது என்பது மட்டும் தெரியும். ஆனால் தினமும் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்த வட்டத்தைப் பார்ப்பேன். அது இருக்கிறது என்பதே ஒரு தெம்பாக இருந்தது. வீம்பு பிடித்த மனுஷனின் லட்சணம் இதுதான்.

போனுக்கு வயது நாலாகியிருந்தது. பெல்ட் பக்கம் போகும்போது அதைக் கையில் வைத்துக்கொள்ள மாட்டேன். டூல்ஸ் ரூமில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் போட்டுப் பூட்டிவிட்டுப் போவேன். சித்திரை வெயிலில் அந்த ரூம் அடுப்பு மாதிரி கொதிக்கும். அதில் வெந்து வெந்தே பேட்டரி உப்பிவிட்டது. பின்மூடி உட்காரவில்லை. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். திரையின் கீழ்ப்பாதி தொட்டால் வேலை செய்யாது, மேலே தொட்டுச் சமாளித்தேன். ஒருநாள் ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து நழுவித் தார் ரோட்டில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் திரை முழுக்கக் கறுப்பு. யாரோ கூப்பிட்டபோது கைக்குள் அதிர்ந்தது. உயிர் இருக்கிறது, கண் மட்டும் போய்விட்டது.

கேட்கவே மாட்டேன் என்று இறுமாப்பாக இருந்தவன், இனிமேல் கேட்கவே முடியாமல் போகலாம் என்றதும் அந்த ரோட்டிலேயே நின்று பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தேன்.

மறுநாளே டவுன்ஷிப் கடைவீதியில் ஒரு போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டிஸ்ப்ளே போச்சு சார். பேட்டரி எப்டி உப்பிகினு கீது பாருங்க. போர்டுலயும் ஷார்ட் இருக்கும். இந்த மாடலயே நிறுத்திட்டாங்க. பேசாம புதுசு பாத்துடுங்க."

"உள்ள இருக்கறதெல்லாம்?"

"போட்டோவா சார்? மெமரி கார்டுல இருந்தா எடுத்துக்கலாம்."

"போட்டோ இல்ல. வாட்ஸப்புல வந்தது."

"சிம்ம எடுத்துப் புதுசுல போட்டா நம்பர் வந்துரும். பழைய மெசேஜ் வராது. பேக்கப் போட்டிருக்கீங்களா?"

"அப்படின்னா?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பொன்றும் இல்லை, என் வயசு ஆட்கள் பத்துப் பேரைத் தினமும் பார்க்கிறவரின் சிரிப்பு. எனக்கு வந்ததே கோபம்! "என்னய்யா சிரிப்பு? தெரியாததக் கேட்டா சிரிப்பியா?" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அது இலவச நெட் சிம்முக்காக ஊரே வரிசையில் நின்ற காலம். கடை வாசலில் நின்ற கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

சிம்மைக் கழற்றி வீட்டில் கிடந்த ஒரு பட்டன் போனில் போட்டுக்கொண்டேன். பிறகு அதிர்வதும் நின்று செத்தே போன பழைய போனை ரப்பர் பேண்டோடு பையிலேயே வைத்திருந்தேன். எங்கள் செக்‌ஷனில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி, முத்தாண்டிக்குப்பத்துக்காரர், என்னைச் சீண்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"இன்னாண்ணே, பர்மனென்ட் ஆளு நீங்களே ரப்பர் பேண்டு போட்டுகினு திரிஞ்சா, கான்ட்ராக்ட்டு ஆளுங்க நாங்கல்லாம் தீப்பெட்டில நூலு கட்டித்தான் பேசணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் முறைத்தேன். பிறகு அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார். "உள்ள எதுனா முக்கியமா கீதாண்ணே? பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு பின்னால ஒர்த்தரு கீறாரு. எங்க மச்சான் போனு தண்ணில வுழுந்துச்சு, அவருதான் எழுப்பிக் குடுத்தாரு. ஆனா ஒண்ணு, எழும்பலன்னா உள்ள இருக்கறது மொத்தமும் பூடும். அத மொதல்லயே சொல்லிட்டுத்தான் கை வெப்பாரு."

அதுதான் என் சிக்கல். புதிது வாங்கினால் பதினொன்றும் நிச்சயம் போகும். ரிப்பேருக்குக் கொடுத்தால் போனாலும் போகும். ஒன்றும் செய்யாமல் பீரோவில் வைத்துவிட்டால்? கேட்க முடியாது, ஆனால் உள்ளே இருக்கும். அப்படியே வைத்துவிடலாம் என்று இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் பின்மூடி இன்னும் விரிந்திருந்தது. ரப்பர் பேண்டு இழுத்துக்கொண்டு நின்றது. பீரோவுக்குள் வெடித்துத் தொலைந்தால் என்ன செய்வது என்று அதைத் துணிகளுக்கு நடுவிலிருந்து எடுத்துச் சமையலறை சிமென்ட் மேடைமேல் வைத்தேன். அங்கிருந்து எடுத்து ஜன்னலில் வைத்தேன். மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, அந்தச் சனியனக் குப்பையில போடப் போறீங்களா இல்லயா?"

"உனக்கென்ன? அது பாட்டுக்கு இருக்கு."

"அந்தப் போன்ல உங்களுக்கு என்னங்க இருக்கு? சொல்லுங்களேன், என்ன இருக்கு?"

அவள் கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன். பதினாலு மாதமாக எங்களுக்குள் எந்தப் பேச்சும் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். அன்றும் நின்றது.

ஒன்பதாம் நாள் எனக்கு வார விடுமுறை. காலையில் காப்பி கொடுக்கும்போதே அவள் ஆரம்பித்துவிட்டாள். "இன்னிக்குப் போயி ஒரு முடிவு பண்ணிட்டு வாங்க. பண்ருட்டிக்கே போங்க, பெரிய கடையெல்லாம் அங்கதான் இருக்கு. அப்படியே நல்ல பலாப்பழமா பாத்து வாங்கிட்டு வாங்க. அவசரமில்ல, வெயில் தாழ வந்தாப் போதும்." எனக்கே ஆச்சரியம். விடுமுறை நாளில் நான் பக்கத்துத் தெருவுக்குப் போனாலே ஏன் போகிறீர்கள் என்று கேட்கிறவள் அவள். என் எரிச்சலைப் பொறுக்க முடியாமல் துரத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பத்தரை மணிக்கு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

பண்ருட்டியில் முதலில் புதுப் போன் கடைக்குத்தான் போனேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று வரிசையாக இருந்தன. விற்பனையில் இருந்த பெண் பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியது. "இத எடுத்துக்கோங்க சார், எழுத்து பெருசா தெரியும்" என்றது. நன்றாகத்தான் இருந்தது. பெட்டியில் போடச் சொல்லி வாயைத் திறந்தேன். திறந்த வாயில் வேறு வார்த்தை வந்தது. "அப்புறம் வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்த ரிப்பேர் கடையைக் கண்டுபிடிப்பதற்குள் மணி பன்னிரண்டு. ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத்தான் கடை. நாற்பது வயதுக்காரர், நெற்றியில் பூதக்கண்ணாடி கட்டியிருந்தார். ரப்பர் பேண்டை அவிழ்த்ததும் மூடி தானாகவே கழன்று விழுந்தது.

"எத்தினி நாளா இப்டி வெச்சிகினு சுத்திகினு கீறீங்க?"

"உள்ள ஒண்ணு இருக்குங்க. அது வேணும்."

"இன்னா சார்?"

இதுவரை யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன். "எம் பொண்ணு பேசி அனுப்புனது."

அவர் பேட்டரியை நெம்பி எடுத்துத் தள்ளி வைத்தார். போர்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "டிஸ்ப்ளே எங்கிட்ட கீது. பழைய போன்ல கழட்டுனது. அது பிரச்சினை இல்ல. போர்டுல ஒரு எடம் கறுத்துப் போயிருக்குது பாருங்க. அங்க சூடு காட்டணும். காட்டுனா ஒண்ணு எழுந்துக்கும், இல்லன்னா மொத்தமும் போயிரும். பாதிக்குப் பாதி. நீங்க சொன்னாத்தான் செய்வேன். வேணாம்னாலும் சரி, இப்டியே எடுத்துகினு போங்க."

கடை வாசலிலேயே நின்றேன். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பாதிக்குப் பாதி. முப்பது வருஷம் பெல்ட் ஜாயின்ட் போட்டவன் நான். ஓடாத பெல்ட்டை ஓட வைப்பதுதான் என் பிழைப்பு. அங்கே ஒருநாளும் இப்படித் தயங்கி நின்றதில்லை. "மாட்டேன்னு சொன்னா இப்டியே இருக்குமில்ல?" என்று கேட்டேன்.

"இருக்கும் சார். இருந்தாலும் இல்லாத மாதிரிதான்."

சுருக்கென்றது. "செய்யுங்க" என்றேன்.

சூடு காட்டும் குழாயை எடுத்து அவர் குனிந்தார். பிசின் கருகும் வாடை வந்தது. நான் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவை செய்து பேட்டரியை மாட்டினார், எழும்பவில்லை. மறுபடி கழற்றினார். கடவுளே, அவள் என்னைத் திட்டியிருந்தாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டாவது தொலைகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பதினாலு மாதத்தில் எனக்காக நான் எதையாவது வேண்டிக்கொண்டது அன்றுதான். ஒரு மணியாயிற்று, ஒன்றரையாயிற்று. அவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. இரண்டே கால் இருக்கும், "சார்" என்றார். திரும்பிப் பார்த்தேன். திரையில் வெளிச்சம்.

"சிம்மக் குடுங்க." பட்டன் போனிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். போட்டதும் ஒன்பது நாளாகக் காத்துக்கிடந்ததெல்லாம் கொட்ட ஆரம்பித்தது. டிங் டிங் என்று ஒரே சத்தம். ஷிஃப்ட் குரூப்பில் வந்த காலை வணக்கங்களாகவே இருக்கும் என்று நினைத்தேன். அவர் திரையை மேலும் கீழும் தள்ளி, தொடுவது சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, "ஸ்பீக்கர் எப்டின்னு பாத்துடலாம்" என்று கடைசியாக வந்து மேலே நின்றதை விரலால் தட்டினார்.

"ஐயோ, அதத் தொடாதீங்க!" என்று கத்தினேன். அதற்குள் அவர் விரல் மைக்கையும் தட்டிவிட்டது. அந்தச் சின்னக் கடைக்குள் என் மகளின் குரல் பெரிதாகக் கேட்டது.

"அப்பா, நான் நம்ம வூட்லதான் இருக்கேன். இன்னிக்கு உங்களுக்கு ஆஃப்னு தெரியும், தெரிஞ்சேதான் வந்தேன். ஆனா அம்மா பயந்துகினு உங்கள பண்ருட்டிக்கு அனுப்பிட்டாங்க. மூணு மணிக்குக் குறிஞ்சிப்பாடி வழியா போற பஸ்ஸப் புடிக்கணும். அதுவரைக்கும் இருப்பேன். இருக்கட்டுமாப்பா? ஒரு வார்த்த சொல்லுங்க."

அழுகை இல்லை, கோபம் இல்லை. இருக்கட்டுமா என்று கேட்கிறாள். நம்ம வீட்டில் இருக்கிறேன் என்கிறாள். கடைக்காரர் போனை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். மேலே பார்த்தேன். அது வந்த நேரம் அன்று மதியம் பன்னிரண்டே முக்கால். அதற்கு மேலே வரிசையாகப் பதினொன்று. பச்சை வட்டம் போய்விட்டது. நீலமானதை அவள் இந்நேரம் பார்த்திருப்பாள். பதினாலு மாத வீம்பு ஒரு விரல் பட்டதும் போயே போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்பாடா என்றிருந்தது.

அதற்கு முந்தையதைத் தட்டினேன். "அப்பா, உங்களுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். ரெண்டரைக்கு பஸ் வந்துடும். நான் கெளம்பட்டுமா, இருக்கட்டுமா?" அவ்வளவுதான். மேலே கேட்கக் கைவரவில்லை. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சமையலறைக் கதவில் என் மனைவி ஒட்டி வைத்திருக்கும் ஷிஃப்ட் சார்ட், நான் எப்போது தூங்க வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்பதற்காக ஒட்டியது என்றே நினைத்திருந்தேன். நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போகும் வாரங்களில் வீட்டில் மீன் குழம்பு மணக்கும். எனக்காகச் செய்கிறாள் என்று உச்சி குளிர்ந்து சாப்பிட்டிருக்கிறேன், மடையன். ஆத்தாளும் மகளும் என் ஷிஃப்ட்டைப் பார்த்துப் பார்த்து நாள் குறித்திருக்கிறார்கள். என் வீட்டில் என் பெண், நான் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து போயிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் போவதற்கு முன்னால் என்னைக் கேட்டிருக்கிறாள்.

மணி இரண்டு இருபத்தைந்து. கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "அப்பா?"

பதினாலு மாதம் கழித்து அந்தச் சொல். தொண்டையைச் செருமினேன். அது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். மறுபடியும் "அப்பா" என்றாள்.

"கெளம்பாத. இரு."

"செருப்பு மாட்டிட்டேன்பா."

"கழட்டு!" என்றேன். அதட்டலாகத்தான் வந்தது, எனக்கு வேறு மாதிரிப் பேச வராது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிப்பா, கழட்டிட்டேன்" என்றாள். நான் அந்தக் கடை வாசலில் நின்று, போகிற வருகிற ஜனம் பார்க்க, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கடைக்காரர் பூதக்கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு வேறு ஒரு போனைக் கையில் எடுத்துக் குனிந்துகொண்டார்.

திரும்பி வந்த வழி எனக்கு ஞாபகமில்லை. முத்தாண்டிக்குப்பத்துக்கு முன்னால் ஒரு முந்திரி லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது மட்டும் நினைவிருக்கிறது. அந்த டிரைவரை நான் திட்டிய திட்டு இந்த ஜென்மத்துக்கும் போதும். இரு என்று சொன்னதை அவள் நம்பினாளா, என் கோபத்தை நினைத்துப் பயந்து கிளம்பிவிட்டாளா என்று வழியெல்லாம் பதைப்பு. நிறுத்தி மறுபடி கூப்பிடலாம்தான். நிறுத்துகிற நேரத்தில் இன்னும் கொஞ்சம் போய்விடலாமே என்று ஓட்டினேன்.

மூன்றே காலுக்கு குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஸ்டாண்டு போடக்கூட மறந்து அது வேலிமேல் சாய்ந்தது. உள்ளே போனேன். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் மனைவிதான் சமையலறை வாசலில் நின்றுகொண்டு பொரிந்து தள்ளினாள்.

"பதினோரு தடவ வந்திருக்கா. பதினோரு தடவயும் உங்க பஸ்ஸு சத்தம் கேட்டு பின்வாசல் வழியா ஓடியிருக்கா, திருடி மாதிரி. பெத்த வூட்ல! ஒரு பதிலு, ஒரே ஒரு பதிலு சொல்லியிருந்தா என்னங்க கொறஞ்சு போயிருக்கும்? கேட்கக்கூட இல்லயே நீங்க!"

"விடும்மா" என்றாள் மகள்.

"நீ சும்மா இருடி."

மனைவி சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மகளையும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேன். போனை எடுத்து, மேலே தள்ளிக்கொண்டே போய் முதலாவதைத் தட்டினேன்.

"அப்பா, நான்தான். நம்ம வூட்டுக்கு வந்திருக்கேன். அம்மாவத் திட்டாதீங்க. நீங்க வர்ற வரைக்கும் இருக்கட்டுமா?"

"இரு" என்றேன், போனைப் பார்த்து.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னப்பா இது, இப்பப் போயி" என்றாள். நான் சிரிக்கவில்லை. இரண்டாவதைத் தட்டினேன். மழை பெய்கிறது, பஸ் கிடைக்குமா தெரியவில்லை, இருக்கட்டுமா என்று கேட்டாள். "இரு" என்றேன். மூன்றாவதில் லேசாக ஜுரம் என்றாள். "இரு." நாலாவதில் அவள் பேசவே இல்லை, பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம் மட்டும் ஒன்பது விநாடி கேட்டது. அதற்கும் "இரு" என்றேன். மகளின் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது துப்பட்டாவைக் கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். மனைவி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எட்டாவதில் குரல் அவசரமாக இருந்தது. "அப்பா, இன்னிக்காச்சும் சொல்லுங்க. இருக்கட்டுமா?" அதோடு முடியவில்லை. மேலும் நாலைந்து விநாடி ஓடியது. அதில் தெருமுனையில் ஒரு பஸ் பிரேக் போட்டு நிற்கிற சத்தம், நடத்துநர் தகரத்தைத் தட்டுகிற சத்தம், ஆட்கள் இறங்கிப் பேசிக்கொள்கிற சத்தம். "வந்துடுச்சு, நான் போறேன்பா" என்று அவள் சொல்வதற்கு முன்னால், அந்தக் கூட்டத்தில் யாரிடமோ ஏதோ சொல்லிச் சத்தமாகச் சிரிக்கிற ஒரு ஆண் குரல். அது என் குரல்.

இரு என்று சொல்ல உதட்டைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மகள் நாற்காலியை இழுத்து என் முழங்காலோடு இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள்.

"இருக்கேன்பா" என்றாள். "அடுத்தது போடுங்க."